கடல் கடந்த கண்ணீரும் பாரதியின் இறைநம்பிக்கையும்

தமிழகத்தில் பாரதியாரை அறியாதார் இலர். அவர்தம் விடுதலைப் பாடல்களும் கண்ணன் பாட்டும் மேடைதோறும் ஒலிக்கின்றன. ஆயினும், தாம் ஒருநாளும் கண்டிராத பிஜித் தீவில், நிறத்தாலும் வறுமையாலும் நசுக்குண்ட கூலிப் பெண்களுக்காக அவர் பாடிய கரும்புத் தோட்டப் பாடலை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. அப்பாடலை முன்னிறுத்தி அவர்தம் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

1882 டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் பாரதி. ஐந்தாம் வயதில் தாயை இழந்தார். 1898இல் தந்தையையும் இழந்தார். பின்னர்ச் சில ஆண்டுகள் காசியில் வாழ்ந்தார். 1904இல் சென்னை வந்து 'சுதேசமித்திரன்' இதழில் பணியேற்றார். 1906 முதல் 'இந்தியா' வார இதழின் வழியே விடுதலைக் கனலை மூட்டினார். ஆங்கில அரசு கைது செய்ய முனைந்தபோது, 1908இல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தார். சொந்த மண்ணுக்கு அருகிருந்தும் அங்குக் கால்வைக்க இயலாமல் பத்தாண்டுகள் வாழ்ந்தார். ஆதலின் ஊரை நினைந்து ஏங்குவோரின் துயரம் அவருக்கு ஏட்டறிவு அன்று.

அக்காலத்தில்தான் நம்மவர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். 1879 முதல் 1916 வரை பிஜிக்கு மட்டும் 60,000 பேருக்கு மேல் சென்றனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. வடஆர்க்காட்டு மக்கள் அவற்றில் மிகுதியாக இருந்தனர். கோவில்பதாகையை அடுத்த ஆவடி வழியே 1856 முதல் ஓடிய புகைவண்டியில் அவருட் பலர் வந்திருத்தல் கூடும். நாம் நாள்தோறும் கல்விக்கும் பணிக்கும் பயணிக்கும் பாதை, அன்று சிலருக்கு மீளாப் பாதையாயிற்று.

ஐந்தாண்டு ஒப்பந்தம்; நாள்தோறும் அளந்து தரப்படும் வேலை; முடிக்காவிடில் கூலி குறையும், வழக்கும் வரும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்னும் கணக்கில் அனுப்பப்பட்ட பெண்களின் நிலையோ மிகக் கொடிது. 1912இல் குந்தி என்னும் பெண், வெள்ளை மேற்பார்வையாளனிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்தாள். சிறுவன் ஒருவன் படகில் வந்து காத்தான். தன் துன்பத்தை அவள் ஊரறியச் சொன்னாள். 1913இல் இந்தியச் செய்தித்தாள் அதனை வெளியிட்டது. கூலி என்னும் சொல்லால் அவள் மானத்தை அழிக்க முடியவில்லை.

பாரதியின் பாடல் அப்பெண்களின் விம்மலைக் காற்றிடம் வினவுகிறது. அவர்கள் பிறந்த நாட்டையும் தாய்வீட்டையும் எண்ணித் தவிப்பதைக் கூறி, இறுதியில் அன்னை சக்தியை அழைத்து முறையிடுகிறது. இம்முறையீடு விதியென்று அமையும் மனத்தின் புலம்பல் அன்று. அநீதிக்கு இறைவன் முன் தொடுக்கும் வழக்கு ஆகும். மனிதனைப் படைத்தவன் ஒருவன் எனின், அவன் படைப்பை இழிவுபடுத்துவோர் அவனுக்கே பதில் கூற வேண்டும் என்னும் உறுதியே அதன் உயிர்நாடி.

அப்பாடலின் தலைப்பு இந்துப் பெண்களையே சுட்டுகிறது. எனினும் அக்கப்பல்களில் முஸ்லிம்களும் சென்றனர். தோட்டத்துச் சவுக்கு சமயம் கேட்டு விழவில்லை. தலைப்பின் எல்லையைக் கடந்தது பாரதியின் உள்ளம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. புதுச்சேரியில் தாழ்த்தப்பட்ட குலத்து இளைஞர் கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தார். 1920இல் பொட்டல்புதூரில் முஸ்லிம் பெருமக்கள் கூடிய அவையில் இஸ்லாத்தின் பெருமையை எடுத்துரைத்தார். அல்லாஹ்வைப் போற்றிப் பாடலும் இயற்றினார். பிறர் சமயத்தை மதிப்பதும் பிறர் மானத்தை மதிப்பதும் அவருக்கு ஒன்றே.

அவரும் துன்பத்தில் தளராதவர் அல்லர். 1918 நவம்பரில் தமிழகம் திரும்புகையில் கைதானார். கடலூர்ச் சிறையிலிருந்து ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதினார். நிபந்தனைகளுடன் விடுதலையாகிக் கடையத்தில் தங்கினார். ஆயினும் அவர் பேனா ஓயவில்லை. 1920 சனவரி முதல் நாளில் பிஜியில் எஞ்சிய கூலி ஒப்பந்தங்கள் நீக்கப்பட்டன. அதனை அடுத்த ஆண்டு, 1921 செப்டம்பரில், திருவல்லிக்கேணியில் தம் முப்பத்தெட்டாம் வயதில் பாரதி மறைந்தார்.

ஒப்பந்த முறை மறைந்தது. மனிதரை நிறம், குலம், ஊர் பார்த்து எடைபோடும் வழக்கம் மறையவில்லை. இன்று பிழைப்புத் தேடி நம் ஊர்களுக்கு வரும் பிறமாநிலத் தொழிலாளரை நாம் எப்பெயரால் அழைக்கிறோம்? அயலகம் செல்லும் நம் பிள்ளைகளுக்கு நாம் வேண்டும் மதிப்பை அவர்களுக்கு அளிக்கிறோமா? மாணவச் செல்வங்களே, பாரதியின் பாடலை மனப்பாடம் செய்வதோடு நில்லாது, இவ்வினாக்களுக்கும் விடை தேடுங்கள். நாம் அவருக்குச் செய்யும் நன்றி அதுவே.