கவர்னரிடம் கணக்குக் கேட்ட கம்பெனி
சிங்கப்பூருக்கு அடிகோலிய ராபிள்ஸ் வாழ்க்கை

இன்றைய சிங்கப்பூர் நகருக்கு அடிகோலியவர் சர் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ். குமாஸ்தாவாக வேலையில் சேர்ந்து கவர்னராக உயர்ந்தவர். அவருக்கே, பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்டும்படி கடைசிக் காலத்தில் உத்தரவு வந்தது.

70 பவுன் சம்பளம்

1781-ம் ஆண்டு ஜுலை 6-ந்தேதி, ஜமைக்கா தீவை அடுத்த கடலில், கப்பலில் பிறந்தார் ராபிள்ஸ். தந்தை கப்பல் தலைவர். ஆனாலும் குடும்பத்தில் பணக்கஷ்டம். 14-வது வயதில் படிப்பு நின்றது. 1795-ல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தா ஆனார்.

பகலில் ஆபீஸ் வேலை. இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிப்பு. மெழுகுவர்த்திக்கு இவ்வளவு செலவா என்று தாயார் கடிந்துகொள்வாராம்.

1800-ல் அவருடைய ஆண்டுச் சம்பளம் 70 பவுன். 1805-ல் பினாங்கில் உதவிச் செயலாளர் பதவி கிடைத்தது. சம்பளம் 1,500 பவுன்! மலாய் மொழியைக் கற்றுத் தேர்ந்தார். 1811-ல் ஜாவா தீவின் துணை கவர்னரானார். அப்போது அவருக்கு வயது 30.

அங்கே அரசு நிலங்கள் விற்கப்பட்டபோது அவரும் பங்கு வாங்கியதால் புகார் எழுந்தது. அவர் நாணயமானவரே என்று கம்பெனி பின்னர் ஒப்புக்கொண்டது. ஆனால் ஜாவாவில் கம்பெனிக்கு நஷ்டம். 1816-ல் பதவி போயிற்று.

இடிந்த மாளிகை

1818-ல் சுமத்ரா தீவில் உள்ள பென்கூலனுக்குத் துணை கவர்னராக வந்தார். மிளகு வியாபாரத்துக்காக ஏற்பட்ட சிறிய ஊர் அது. நிலநடுக்கத்தால் கவர்னர் மாளிகை குடியிருக்க முடியாதபடி சேதமாகிக் கிடந்தது.

 செலவுக்கு அனுமதி லண்டனிலிருந்து வரவேண்டும். கடிதம் கப்பலில் போய்ச் சேரவே பல மாதங்கள் ஆகும். எனவே முதலில் செலவு, பிறகுதான் அனுமதி. அனுமதி மறுக்கப்பட்டால் பொறுப்பு கவர்னர் தலையில்!

பென்கூலனில் இருந்தபடியேதான் 1819-ல் சிங்கப்பூரில் கம்பெனியின் கொடியை ஏற்றினார். அவ்வாண்டு மே மாதம் பினாங்கிலிருந்து அவருடன் அங்கு சென்றவர் நாராயணப் பிள்ளை என்ற தமிழர். 1822-ல் ராபிள்ஸ் மீண்டும் சிங்கப்பூர் சென்றபோது, குன்றின் மேல் அவருக்கென எழுந்த வீடு பலகைச் சுவரும் ஓலைக் கூரையும் கொண்டது.

அதற்குள் பென்கூலன் அவர் குடும்பத்தைச் சூறையாடிவிட்டது. 1821 ஜுலை முதல் 1822 ஜனவரிக்குள் மூன்று குழந்தைகள் நோயால் இறந்தனர். எஞ்சிய மகள் எல்லாவை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1823-ல் பிறந்த ஐந்தாவது குழந்தையும் இரண்டு மாதத்தில் இறந்தது.

தீயும் கடனும்

1824 பிப்ரவரி 2-ந்தேதி ஊர் திரும்பக் கப்பல் ஏறினார். அன்று மாலையே கப்பலில் தீப்பிடித்தது. உயிர் தப்பினார்கள். கப்பலில் அவர் கொண்டுசென்ற ஏடுகள், ஓவியங்கள், உயிரினங்கள் அனைத்தும் சாம்பலாயின. அதே ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தப்படி பென்கூலன் டச்சுக்காரர்களுக்குப் போயிற்று.

லண்டனில் கம்பெனியிடம் பென்ஷன் கேட்டார். 1826 ஏப்ரலில் பதில் வந்தது. பென்ஷன் இல்லை. சம்பளம், செலவு முதலியவற்றில் அதிகமாகப் பெற்றதாகக் கூறி, 22,272 பவுன் கட்டும்படி கம்பெனி கேட்டது. முன்பு 70 பவுன் வாங்கிய குமாஸ்தாவுக்கு அது 318 ஆண்டுச் சம்பளம்!

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1826 ஜுலை 5-ந்தேதி, 45-வது பிறந்த நாளுக்கு முந்தைய நாள், ராபிள்ஸ் இறந்தார். கம்பெனிக்கு 10,000 பவுன் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தவர் அவர் மனைவி சோபியா. ராபிள்சின் கல்லறை இருந்த இடம்கூட 1914-ல்தான் தெரியவந்தது.

சிங்கப்பூர் குன்றில் அந்த ஓலை வீடும் நிலைக்கவில்லை. 1867-ல் வேறோர் இடத்தில் கவர்னருக்குப் புதிய மாளிகை கட்டத் தொடங்கினார்கள். அதற்கு உழைத்தவர்களில் இந்தியக் கைதிகளும் உண்டு. இன்று அது சிங்கப்பூர் ஜனாதிபதி மாளிகை.