காருக்குள் எக்ஸ்ரே! போர்முனைக்குப் போன மேரி கியூரி

சங்கராபுரம்:

கல்வராயன் மலையில் கால் ஒடிந்தவரைக் கீழே இறக்கிக்கொண்டு வருவதே பெரும்பாடு. வந்த பிறகு எக்ஸ்ரே மெஷின் இருந்தால் மட்டும் போதுமா? படம் எடுக்கவும், பார்த்துச் சொல்லவும் பழகின ஆள் வேண்டும்.

100 வருஷத்துக்கு முன்பு பிரான்சு நாட்டிலும் இதே தொல்லைதான். அதைத் தீர்க்கப் புறப்பட்டவர் மேரி கியூரி அம்மையார்.

1867-ல் போலந்தில் பிறந்தவர். அங்கே பெண்களுக்குக் காலேஜில் இடம் கிடையாது. பாரீஸ் போய்ப் படித்தார். ரேடியம் கண்டுபிடித்தார். நோபல் பரிசு 2 தடவை வாங்கினார்.

1914-ல் உலகப் போர் மூண்டது. சிப்பாய் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே டாக்டர்கள் கத்தி வைத்தார்கள். எக்ஸ்ரே எல்லாம் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில்தான்.

பணக்காரப் பெண்களிடம் கார் கேட்டு வாங்கினார் மேரி. அதில் எக்ஸ்ரே கருவியை ஏற்றினார். கரண்டுக்கு என்ன வழி? கார் என்ஜினிலேயே டைனமோவை ஓடவிட்டார்! கார் ஓட்டவும் ரிப்பேர் பார்க்கவும் தானே கற்றுக்கொண்டார். 20 வண்டிகளும் 200 எக்ஸ்ரே அறைகளும் தயார் ஆயின.

ஆனால் ஆள் இல்லையே! எக்ஸ்ரேயை நம்பாத ராணுவ டாக்டர்கள் வேறு. போர் தொடங்கியபோது மகள் ஐரீனுக்கு 16 வயது. அவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, பாரீசில் சுமார் 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதிகம் படிக்காதவர்களும் அதில் உண்டு.

வருஷக்கணக்கில் கதிர்களோடு பழகியதில் ரத்தம் ஊறாத நோய் வந்து, 1934 ஜூலை 4-ந் தேதி இறந்தார். அதே வருஷம் மார்ச்சில்தான் சென்னை பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர்களுக்கு எக்ஸ்ரே படிப்பு சொல்லித்தரும் பர்னார்டு நிலையம் திறக்கப்பட்டது.