மோசடிக் கம்பியை மீறி நிற்கும் புரூக்ளின் பாலம்... யார் இந்த வாஷிங்டன் ரோப்ளிங்?

நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் 1883 மே 24-ம் தேதி திறக்கப்பட்டது. 140 ஆண்டுகளைத் தாண்டியும் ஜம்முன்னு நிற்கிறது. ஆனால் அதைத் தாங்கும் கேபிள்களுக்குள் தரமற்ற கம்பிகளும் இருக்கின்றன. கட்டும்போதே இது தெரிந்துவிட்டது. அப்புறம் ஏன் எடுக்கவில்லை? பாலம் ஏன் விழவில்லை? விடை, தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கின் வாழ்க்கையில் இருக்கிறது.

அப்பா போட்ட கணக்கு

1837-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர் வாஷிங்டன். அப்பா ஜான் ரோப்ளிங், தொங்கு பாலங்கள் கட்டுவதில் பெரிய பெயர். 1869-ல் பாலத்துக்கு இடம் அளந்தபோது படகு மோதி ஜானின் கால் நசுங்கியது. டெட்டனஸ் வந்து இறந்துபோனார். 32 வயது மகன் தலையில் பொறுப்பு விழுந்தது.

கம்பியின் தரம், காற்றின் வேகம், நாளை வரப்போகும் பாரம் எதையும் அன்று துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால் தேவையைப் போல 6 மடங்கு வலு கேபிள்களுக்கு இருக்கணும் என்று வடிவமைத்தார்கள். கூடவே கோபுரங்களில் இருந்து சாய்வாக இறங்கும் கம்பிகளும் சேர்ந்தன. ஒன்று பலவீனமானால் இன்னொன்று கைகொடுக்கும்.

படுக்கையில் தலைமைப் பொறியாளர்

கோபுர அடித்தளத்துக்காக ஆற்றுக்கு அடியில், அழுத்தக் காற்று நிரப்பிய பிரமாண்டப் பெட்டிக்குள் தொழிலாளர்கள் தோண்டினார்கள். வெளியே வந்ததும் பலருக்கு மூட்டுவலி, பக்கவாதம். சிலர் இறந்தனர். மன்ஹாட்டன் பக்கம் பாறை வரை தோண்டினால் உயிர்ப்பலி கூடும் என்று கணித்த வாஷிங்டன், 78 அடி ஆழத்தில், இறுகிய மணலிலேயே நிறுத்தினார். 1872-ல் அதே நோய் அவரையும் முடக்கியது. அதன்பின் வீட்டு ஜன்னலில் இருந்தே வேலையைக் கண்காணித்தார். அவருடைய உத்தரவுகளைப் பொறியாளர்களிடம் கொண்டுசேர்த்தவர் மனைவி எமிலி.

கம்பியில் நடந்த மோசடி

1878-ல் விஷயம் வெடித்தது. ஒப்பந்ததாரர் லாயிட் ஹே, சோதனையில் தேறிய கம்பியைக் காட்டிவிட்டு, வழியிலேயே நிராகரித்த கம்பியை மாற்றி அனுப்பியிருந்தார். அதற்குள் நிறைய கம்பி கேபிளில் ஏறிவிட்டது. பிரிக்கவும் வழியில்லை.

வாஷிங்டன் கணக்கைத் திரும்பப் போட்டார். 6 மடங்கு குறையும், ஆனாலும் தேவையைப் போலப் பல மடங்கு வலு மிச்சம் இருக்கும் என்று தெரிந்தது. அதோடு சும்மா விடவில்லை. 4 கேபிள்களிலும் தலா 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்க வைத்தார். கையில் மிச்சம் இருக்கிறதே என்று அதைத் தின்றுவிடக் கூடாது, முடிந்தவரை திரும்ப நிரப்பணும் என்பதே அந்த முடிவின் அர்த்தம்.

இன்றைக்கு என்ன பாடம்?

ஒரே ஆலையில் வந்த இரண்டு கம்பிகள்கூட ஒரே வலுவில் இருக்காது. இன்று பொறியாளர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை நிகழ்தகவாக அளந்து, பழுதாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு வடிவமைக்கிறார்கள். அந்தக் கணிதம் அன்று வாஷிங்டன் கையில் இல்லை. தெரியாததற்கும் இடம் விடணும் என்ற புரிதல் இருந்தது.

1926-ல் 89 வயதில் அவர் இறந்தார். அந்தக் கம்பிகள் இன்னும் கேபிளுக்குள்தான் இருக்கின்றன.