எட்டயபுரத்தில் பாரதியார்

சுப்பிரமணிய பாரதி (டிசம்பர் 11, 1882 - செப்டம்பர் 11, 1921) தமிழ்க் கவிஞர், இதழாளர், விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். அவர் பிறந்து வளர்ந்த ஊர் எட்டயபுரம். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் நிலத்தில் உள்ள இவ்வூர், அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு ஜமீனின் தலைநகராக இருந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. இக்கட்டுரை எட்டயபுரத்தோடு அவருக்கிருந்த உறவையும், காதல், திருமணம், அரண்மனைப் பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதிய நகைச்சுவையையும் விளக்குகிறது.

பிறப்பும் சூழலும்

பாரதியார் சின்னசாமி ஐயர், இலக்குமி அம்மாள் ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். வீட்டில் சுப்பையா என அழைக்கப்பட்டார். ஐந்து வயதில் தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். சின்னசாமி ஐயர் கணிதத்திலும் இயந்திரங்களிலும் ஈடுபாடு கொண்டவர்; மகனும் அவ்வழியில் செல்லவேண்டும் என்று விரும்பினார். பருத்தி விளையும் கரிசல் பகுதி என்பதால் எட்டயபுரத்தில் பஞ்சாலை ஒன்றை அமைத்தார். அம்முயற்சி தோல்வியடைந்து குடும்பத்தை வறுமையில் தள்ளியது.

எட்டயபுரம் ஜமீன் புலவர்களை ஆதரித்து வந்தது. சிலேடை, யமகம் போன்ற சொல் விளையாட்டுகளும் சிருங்காரப் பாடல்களும் அரண்மனையில் பெரிதும் விரும்பப்பட்டன. கணக்குப் பாடத்தைவிட இவையே சுப்பையாவைக் கவர்ந்தன. பதினோராம் வயதில் புலவர் அவையில் பாடி 'பாரதி' என்னும் பட்டம் பெற்றார். மூத்த மாணவர் ஒருவர் அவரைச் சின்னப் பயல் என்று இகழும் ஈற்றடி ஒன்றைக் கொடுத்துப் பாடச் சொன்னதாகவும், சிறுவன் அதே சொற்களை வேறுவகையில் பிரித்து இகழ்ச்சியைக் கொடுத்தவருக்கே திருப்பியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. எட்டயபுரம் அவருக்குக் கற்பித்த கலையை அந்த ஊரின் மீதே அவர் திருப்பியதற்கு இக்கதை ஒரு முன்னோட்டம் எனலாம்.

பிள்ளைக் காதலும் திருமணமும்

1910 இல் வெளிவந்த 'கனவு' என்னும் செய்யுள் தன்வரலாற்றில் பாரதியார் தம் இளமையைப் பாடியுள்ளார். பத்து வயதில் ஒரு சிறுமியின்மேல் கொண்ட காதலை அதில் 'பிள்ளைக் காதல்' என்னும் பகுதியில் விவரிக்கிறார். அடுத்த பகுதியில் திருநெல்வேலியில் பெற்ற ஆங்கிலப் பள்ளிக் கல்வியால் விளைந்த செலவையும் தீமையையும் வணிகர் கணக்குப் போல எண்ணிக் காட்டுகிறார். பின்னர் தம் மணத்தைப் பற்றிப் பேசி, குழந்தை மணத்தைக் கண்டிக்கிறார்.

அவருக்கு 1897 இல் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாளுடன் திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது பதினான்கு; மணமகளுக்கு ஏழு. திருமணத்தின்போது உற்றார் உறவினர் கூடியிருக்க, மணமகன் காதல் பாட்டு ஒன்றைப் பாடியதையும், தாம் வெட்கத்தால் தலைகுனிந்ததையும் செல்லம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அரண்மனையில் கற்ற சிருங்காரப் பாட்டு ஏழு வயதுக் குழந்தையை நோக்கிப் பாடப்பட்டது என்பதே அந்நிகழ்ச்சியின் வேடிக்கையும் வருத்தமும் ஆகும்.

அதே ஆண்டில், படிப்பைத் தொடர உதவி வேண்டி பாரதியார் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுள் வடிவில் ஒரு விண்ணப்பம் எழுதினார். 1898 இல் தந்தை மறைந்தார்.

காசியும் மீண்டும் அரண்மனையும்

தந்தையின் மறைவுக்குப் பின் பாரதியார் காசியிலிருந்த தம் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அங்கு குடுமியை எடுத்துவிட்டு மீசையும் தலைப்பாகையும் வைத்துக்கொண்டார். வைதிக ஒழுக்கத்தில் பற்றுக்கொண்ட அத்தை கணவர் கிருஷ்ண சிவனுக்கு இது பிடிக்கவில்லை. ஊரில் கணவரைப் பற்றிக் கவலையுற்றிருந்த செல்லம்மாளுக்கு எழுதிய கடிதத்தில், கவலைப்படும் நேரத்தில் தமிழ் படிக்குமாறு அறிவுரை கூறினார்.

பின்னர் ஜமீன்தாரின் அழைப்பின் பேரில் எட்டயபுரம் திரும்பினார். ஜமீன்தாருக்குப் பத்திரிகைகளைப் படித்துக் காட்டுவதும், உடனிருந்து உரையாடுவதும் அவருடைய பணிகளாக இருந்தன. இப்பணி நீடிக்கவில்லை. 1904 இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றி, அவ்வாண்டு இறுதியில் சென்னையில் சுதேசமித்திரன் இதழில் சேர்ந்தார். 1908 இல் ஆங்கில அரசின் அடக்குமுறையிலிருந்து தப்பிப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார்.

சின்னச் சங்கரன் கதை

எட்டயபுர அனுபவங்களைப் பாரதியார் நகைச்சுவையாக எழுதியது புதுச்சேரியில்தான். 'சின்னச் சங்கரன் கதை'யில் எட்டயபுரம் 'கவுண்டனூர்' ஆகிறது. அதன் ஜமீன்தார் மூச்சுவிடாமல் சொல்லவேண்டிய நீண்ட பட்டப்பெயர்களுடன் அறிமுகமாகிறார். பட்டங்களின் நீளத்திற்கும் அவர் செய்யும் காரியங்களின் சிறுமைக்கும் உள்ள வேறுபாடே நகைச்சுவைக்கு அடிப்படை. பொருளறியும் வயது வருமுன்பே சிருங்காரப் பாடல்களில் ஊறிப்போகும் சிறுவன் சங்கரன், ஆசிரியரின் இளமைச் சாயல் கொண்டவன். எனவே இந்நூலில் கேலிக்குள்ளாவோர் ஜமீன்தாரும் புலவர்களும் மட்டுமல்லர். பாரதியார் தம்மையும் கேலி செய்துகொள்கிறார்.

முதலில் எழுதப்பட்ட கையெழுத்துப் படி திருட்டுப் போயிற்று. மீண்டும் எழுதத் தொடங்கிய கதையின் சில அத்தியாயங்கள் மட்டும் 1913 இல் சுப்பிரமணிய சிவா நடத்திய 'ஞானபாநு' இதழில் வெளிவந்தன. கதை முற்றுப்பெறவில்லை.

இதே காலப்பகுதியில் எழுதப்பட்ட 'குயில் பாட்டு'விலும் காதல் மொழி நகைப்புக்குள்ளாகிறது. அதில் குயில், கவிஞனிடம் சொன்னது போன்ற காதல் மொழிகளையே குரங்கிடமும் மாட்டிடமும் சொல்கிறது. சிருங்காரப் பாட்டில் யாரையும் எவ்வாறும் புகழலாம் என்ற அரண்மனை வழக்கத்தை நன்கறிந்தவரின் கேலி இது. எனினும் காதலையே பாரதியார் எள்ளவில்லை. கண்ணன் பாட்டில் கண்ணனைக் காதலனாகவும் கண்ணம்மாவைக் காதலியாகவும் கொண்டு உளமுருகிப் பாடியுள்ளார்.

கடையமும் இரண்டாம் விண்ணப்பமும்

1918 இறுதியில் பாரதியார் ஆங்கில ஆட்சிப் பகுதிக்குத் திரும்பி, செல்லம்மாளின் ஊரான கடையத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து சென்றார். கணவனும் மனைவியும் பிறர் முன்னிலையில் பேசிக்கொள்வதே முறையன்று எனக் கருதப்பட்ட காலமாகையால், அக்கிரகாரத்தார் கேலி செய்தனர். ஏழு வயதில் திருமணப் பந்தலில் வெட்கித் தலைகுனிந்த செல்லம்மாளுக்கு இதுவும் எளிதாக இருக்கவில்லை.

வறுமை நெருக்கவே, 1919 இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி ஆதரவு கேட்டார். பதினான்கு வயதில் எழுதிய முதல் விண்ணப்பத்திற்கும் இதற்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. தாம் நகைத்த அவைக்கே, புலவர்களுக்குரிய பழைய மரபின்படி மீண்டும் பாட்டெழுத வேண்டியிருந்தது. எனினும் இச்சீட்டுக்கவியில் பணிவைவிடத் தம் கவிதையின் மீதுள்ள பெருமிதமே மேலோங்கி நிற்கிறது. எதிர்பார்த்த உதவி கிட்டவில்லை. 1920 இல் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்த பாரதியார், 1921 செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின் சென்னை திருவல்லிக்கேணியில் காலமானார்.

நினைவுச் சின்னங்கள்

எட்டயபுரத்தில் பொதுமக்கள் நன்கொடையால் எழுப்பப்பட்ட பாரதி மணிமண்டபத்திற்கு இராஜாஜி 1945 இல் அடிக்கல் நாட்டினார். 1947 இல் அது திறக்கப்பட்டது. இதற்கு முன்முயற்சி எடுத்தவர் எழுத்தாளர் கல்கி. பாரதியார் பிறந்த வீடும் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. ஜமீன் முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. வெளியூரார் இன்று எட்டயபுரத்தைத் தேடி வருவது பாரதியார் பிறந்த ஊர் என்பதற்காகவே.