வெப்பத்தில் மின்சாரம் கண்டவர், அதை நம்பாதவர்

இன்றைய எஸ்தோனியாவின் தலைநகரான தாலினில், 1770 இல் ஒரு ஜேர்மன் வர்த்தகக் குடும்பத்தில் பிறந்தவர் தோமஸ் ஜொஹான் சீபெக். மருத்துவப் பட்டம் பெற்றும் மனம் பௌதிகவியல் பக்கமே சாய்ந்தது. குடும்பத்தில் வசதி இருந்தது. விரும்பிய வழியில் போக முடிந்தது. ஜேனா நகரில் கவிஞர் கேத்தேயுடன் பழகி நிறங்களை ஆராய்ந்தார்.

1821 இல் பேர்லினில்தான் அந்தப் பரிசோதனை. செம்பையும் பிஸ்மத்தையும் வளையமாக இணைத்து, ஒரு பக்க இணைப்பை மட்டும் சூடாக்கினார். அருகிலிருந்த திசைகாட்டியின் ஊசி திரும்பியது. மின்கலம் எதுவும் அங்கே இல்லை.

மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை முந்திய ஆண்டுதான் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் காட்டியிருந்தார். ஆகவே வளையத்தில் மின்சாரம் ஓடுகிறது என்பது அவருக்குப் புரிந்தது. 'வெப்பமின்' என்ற பெயரையும் வைத்தார். சீபெக் ஏற்கவில்லை. வெப்பம் நேரடியாகக் காந்தத்தை உண்டாக்குகிறது, பூமியின் காந்தமும் துருவத்துக்கும் பூமத்திய ரேகைக்கும் இடையிலான வெப்ப வித்தியாசத்தால்தான் என்றே வாதிட்டார். பிடிவாதம்தான். ஆனாலும் உலோகங்களைச் சோடி சோடியாகச் சோதித்து அவர் தயாரித்த வரிசை, விளக்கம் பிழைத்த பின்னும் பயன்பட்டது.

1831 இல் பேர்லினில் காலமானார். அந்த விளைவுக்கு அவர் பெயரே நிலைத்தது. சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் எரிவாயு அடுப்பின் பாதுகாப்புக் கருவி இயங்குவது அதனால்தான். இப்படிக் கிடைக்கும் மின்சாரம் சொற்பம். கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு வீணாகிறது. ஆனால் அசையும் பாகம் இல்லை, தேய்மானமும் குறைவு. 1977 இல் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்கள், சூரிய ஒளி மங்கிய தொலைவிலும் புளூட்டோனியத்தின் வெப்பத்தை இவ்வழியில் மின்சாரமாக்கியே பூமியுடன் பேசின.