அணுக்கழிவை லட்சம் ஆண்டுகள் பூமிக்குள் வைக்க முடியுமா? இயற்கையே நடத்திய சோதனையை முன்கூட்டியே கணித்த பால் குரோடா யார்?

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை என்ன செய்வது? உலகம் முழுக்க இன்னும் விவாதத்தில் இருக்கும் கேள்வி இது. அந்தக் கழிவில் இருக்கும் புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். எகிப்து பிரமிடுகளுக்கே வயது 4,500 ஆண்டுகள்தான். அப்படின்னா, லட்சம் ஆண்டு தாங்குமான்னு எந்த ஆய்வகத்தில் சோதிக்கிறது?

ஆய்வகத்தில் முடியாது. ஆனால், அந்தச் சோதனை ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. இப்படியொன்று நடந்திருக்கக் கூடும் என்று, அது கண்டுபிடிக்கப்படுவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுச் சொன்னவர்தான் பால் குரோடா.

வெந்நீர் ஊற்றில் தொடங்கிய பயணம்

1917-ல் ஜப்பானில் பிறந்தவர் கசுவோ குரோடா. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில், ஜப்பானின் கதிரியக்க வேதியியல் முன்னோடி கெஞ்சிரோ கிமுராவிடம் படித்தார். ஆரம்பத்தில் இவர் ஆராய்ந்தது வெந்நீர் ஊற்றுகளின் வேதியியலைத்தான். 1944-ல் அதே பல்கலைக்கழகத்தின் மிக இளம் ஆசிரியர் ஆனார்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்ற பிறகு, அங்கே கதிரியக்க வேதியியல் ஆய்வுக்குத் தடை வந்தது. 1949-ல் அமெரிக்கா கிளம்பினார் குரோடா. 1952-ல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பணி. 1955-ல் அமெரிக்கக் குடியுரிமை. பெயருக்கு முன்னால் 'பால்' சேர்ந்தது.

1956: ஒரு சின்னக் கட்டுரை

மனிதன் கட்டிய முதல் அணு உலையை 1942-ல் சிகாகோவில் இயக்கிக் காட்டியது என்ரிகோ ஃபெர்மியின் குழு. அந்த உலைக் கணக்கை அப்படியே பூமிக்கடியில் இருக்கும் யுரேனியத் தாதுவுக்குப் போட்டுப் பார்த்தார் குரோடா.

இன்றைய இயற்கை யுரேனியத்தில், எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.72 சதவீதம்தான். ஆனால் அது வேகமாகச் சிதைந்து குறையும் வகை. பின்னோக்கிப் போனால் அளவு கூடிக்கொண்டே போகும். 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு 3 சதவீதத்துக்கும் மேல். இன்றைய அணுமின் நிலையங்கள் செறிவூட்டிப் பயன்படுத்தும் எரிபொருளும் கிட்டத்தட்ட இதே அளவுதான்!

தாது போதுமான தடிமனில் இருக்கணும். நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கத் தண்ணீர் இருக்கணும். நியூட்ரானை விழுங்கும் போரான் போன்ற தனிமங்கள் அதிகம் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்தால், மனிதன் கை படாமலே தொடர் வினை தொடங்கிவிடும் என்பது குரோடாவின் முடிவு. அதற்கு ஒரு சாட்சியம்கூட அப்போது இல்லை. கட்டுரை பெரிதாகக் கவனிக்கப்படவும் இல்லை.

1972: காணாமல் போன யுரேனியம்

பிரான்ஸின் பியர்லாத் செறிவூட்டல் ஆலையில் வழக்கமான பரிசோதனை. யுரேனியம்-235 இருக்க வேண்டிய அளவு 0.7202 சதவீதம். இருந்ததோ 0.7171. சின்ன வித்தியாசம்தானேன்னு தோணலாம். ஆனால் அணுகுண்டு செய்ய உதவும் பொருள் என்பதால், ஒரு கிராம்கூடக் கணக்கில் தப்பக் கூடாது.

விசாரணை, தாது வந்த இடமான காபோனின் ஒக்லோ சுரங்கத்தில் போய் நின்றது. அங்கே அணுப்பிளவில் மட்டுமே உண்டாகும் தனிமக் கலவை கிடைத்தது. யாரும் திருடவில்லை. யுரேனியம் அங்கேயே 'எரிந்து' போயிருந்தது! தண்ணீர் புகுந்தால் வினை தொடங்கும். சூட்டில் தண்ணீர் ஆவியானால் நின்றுவிடும். இப்படியே பல லட்சம் ஆண்டுகள் ஓடியிருக்கிறது. குரோடா சொன்ன நிபந்தனைகள் அப்படியே பொருந்தின.

கழிவு எங்கே போச்சு?

இங்கேதான் இன்றைய கேள்விக்கு வருகிறோம். உலை ஓடினால் கழிவும் உண்டாகும். ஒக்லோவில் அந்தக் கழிவுக்கு எஃகுப் பெட்டியும் இல்லை, கான்கிரீட் சுவரும் இல்லை. அப்படியிருந்தும் உண்டான புளூட்டோனியம் சில மீட்டர்கூட நகராமல், இருந்த இடத்திலேயே சிதைந்து போயிருக்கிறது. யுரேனியம் ஆக்சைடு படிகமும், சுற்றியிருந்த களிமண்ணும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன.

ஃபின்லாந்தின் ஓன்கலோ கழிவுக் கிடங்கின் அடிப்படையும் இதே மாதிரிதான். 400 மீட்டருக்கும் கீழே பாறை, அதற்குள் களிமண், அதற்குள் செம்புக் கலன்.

அப்போ கவலையே வேண்டாமா?

அவசரப்பட வேண்டாம். ஒக்லோவிலிருந்து எல்லாமே தங்கிவிடவில்லை. வாயுக்களோடு அயோடின், சீசியம் போன்றவையும் கணிசமாக வெளியேறிவிட்டன. பக்கத்தில், தரைக்கு வெகு அருகில் இருந்த பங்கோம்பே என்ற இன்னொரு இயற்கை உலையை நிலத்தடி நீர் அரித்திருக்கிறது. ஆழமும் தண்ணீரும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே உதாரணம்.

இன்னொரு விஷயம். நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்த இடங்களை மட்டும்தான். முழுசா கரைந்துபோன இயற்கை உலைகள் இருந்திருந்தால், அவற்றின் தடயமே நமக்குக் கிடைக்காது. அதனால் ஒக்லோ தருவது உத்தரவாதம் அல்ல. எது தங்கும், எது ஓடும் என்று விஞ்ஞானிகள் போடும் கணக்கைச் சரிபார்க்க ஓர் அளவுகோல். அவ்வளவுதான்.

ஒக்லோ பற்றி 1982-ல் தனிப் புத்தகமே எழுதினார் குரோடா. 1987-ல் பணி ஓய்வு. 2001 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் காலமானார். அணுக்கழிவைப் புதைப்பதற்காக அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை. ஆனால் லட்சம் ஆண்டு பாதுகாப்பு பற்றிப் பேசும் விஞ்ஞானிகள், 200 கோடி ஆண்டுப் பழைய அந்த உலையை இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறார்கள்.