அரியலூரில் தொடங்கிய தமிழ்ப் பயணம்: உ.வே.சா.வின் நான்கு வாழ்க்கைகள்

லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பகுதி மக்களுக்குக் குன்னமும் செங்குணமும் புதிய பெயர்கள் அல்ல. அந்த ஊர்களில்தான் 'தமிழ்த் தாத்தா' உ.வே.சாமிநாதையர் சிறுவனாகத் தமிழ் படித்தார் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1855 பிப்ரவரி 19-ல் பிறந்தவர் அவர்; சொந்த ஊர் உத்தமதானபுரம். தந்தை வேங்கடசுப்பையர் ஓர் இசைக் கலைஞர். உடையார்பாளையம் ஜமீன் வித்துவானாக இருந்த கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்றவர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதை சொல்லிக் குடும்பம் நடத்தினார். நிலையான வருமானம் கிடையாது. மகனும் தம்மைப் போல இசையில் பெயர் எடுக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

திசை மாற்றிய ஊர்கள்

மகனின் மனம் தமிழின் பக்கம் போனது. அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம் கேட்டபோது அந்த ஆர்வம் பற்றிக்கொண்டது. பிறகு குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், பெரம்பலூருக்கு அருகிலுள்ள செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஆசிரியர்களைத் தேடிச் சென்றார். மேலே படிக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போக வேண்டும் என்று வழிகாட்டியவர் ரெட்டியார்.

மாயூரத்தில் பிள்ளையிடம் சேர்ந்தபோது வயது பதினேழு. அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்று வந்தார். ஆசிரியருக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் இசைப் பாடத்தை நிறுத்திவிட்டார். வீட்டார் காட்டிய முதல் பாதை அத்துடன் மூடியது. நாகூர் குலாம் காதிறு நாவலரும் இதே மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்தான். மதம் பார்த்துக் கல்வியைப் பூட்டி வைக்காத ஆசிரியர் அவர்.

ஒரு கேள்வி

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அதுவரை கண்ட வறுமைக்கு அது பெரிய ஆறுதல். அதோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப்பைச் சந்தித்தார். தாம் படித்த நூல்களையெல்லாம் உ.வே.சா. வரிசையாகச் சொன்னார். முதலியார் அவற்றில் வியப்புக் காட்டவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இருபத்தைந்து வயதில், ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மீண்டும் மாணவரானார். சிந்தாமணி சமண நூல். அதன் செய்திகள் பல அவருக்குப் புரியவில்லை. வெட்கப்படாமல் கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்குச் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏடுகளை ஒப்பிட்டு, முன்பணம் திரட்டி, அச்சுப் பிழை திருத்தி, 1887-ல் நூலை வெளியிட்டார். தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் வந்தன. பகலில் கல்லூரி, மற்ற நேரமெல்லாம் ஏடும் அச்சும் என்றே வாழ்க்கை ஓடியது. 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919-ல் ஓய்வு பெற்றார்.

முதுமையில் எழுத்தாளர்

பெரும்பாலானோர் ஓய்ந்து உட்காரும் வயதில் அவர் எளிய உரைநடை எழுத்தாளரானார். தம் ஆசிரியரின் வரலாற்றை எழுதினார். எண்பது வயதைக் கடந்த பிறகு கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் போன்ற இசைவாணர்களின் வாழ்க்கையையும் எழுதினார். இளமையில் விட்ட இசை, வேறு வடிவில் அவர் கைக்குத் திரும்பி வந்தது. 1940 முதல் ஆனந்த விகடனில் தம் சொந்த வரலாற்றைத் தொடராக எழுதினார். அது முடியும் முன்பே, 1942 ஏப்ரல் 28-ல் காலமானார். அரியலூரும் குன்னமும் செங்குணமும் அந்த நூலில் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

படித்தது ஒன்று, செய்வது வேறு என்று வருந்தும் இளைஞர்கள் நம் வீடுகளில் உண்டு. பிள்ளை பாதை மாறினால் செலவழித்த காலமெல்லாம் வீண் என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. உ.வே.சா.வுக்கு எதுவும் வீணாகவில்லை. தந்தையிடம் கேட்ட பாட்டு, கிராமத்து ஆசிரியர்கள் சொன்ன பாடம், வகுப்பறைப் பழக்கம் எல்லாமே அடுத்த வேலைக்கு முதலாக நின்றன. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவர் வாசலுக்குச் சென்ற துணிவே ஒவ்வொரு முறையும் அவரை அடுத்த படிக்கு ஏற்றியது.

அடுத்த முறை குன்னம் வழியாகப் பேருந்தில் போகும்போது, இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.